எச்சில் ஒழுகும் ரத்தக்காட்டேரி

"செலவழிச்ச காசுக்குப் பரவாயில்லை."

சின்ன பட்ஜெட் பேய்ப்படம் எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இந்த வாக்கியம் வந்து நின்றுவிடும். சொல்கிறவர் பாராட்டுவதாகத்தான் நினைத்துக்கொள்கிறார். எனக்கு அது பாராட்டாகப் படுவதில்லை. நாம் கொடுக்கும் காசும், உட்கார்ந்திருக்கும் ஒன்றரை மணி நேரமும் பெரிய படத்துக்கும் சின்னப் படத்துக்கும் ஒன்றுதான். வயிற்றைக் கலக்கியதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர்கள், தயாரிப்பாளரின் வரவு செலவை எதற்குத் தணிக்கை செய்ய வேண்டும்?

இந்த எரிச்சல் எனக்கு அதிகமாக வருவது 'ப்ளட்ஸ்டோன்: சப்ஸ்பீஷீஸ் 2' விஷயத்தில். 1993-இல் நேராக வீடியோ கேசட்டில் வெளிவந்த அமெரிக்கப் படம். எடுத்தது முழுக்க ருமேனியாவில். பேய்ப்பட ரசிகர்கள் கூடிப் பேசும் இடங்களில் இந்தப் படம் அடிக்கடி அடிபடும். அஞ்சு படங்கள் கொண்ட வரிசையில் இதுதான் சிறந்தது என்று ஒரு கூட்டம் சத்தியம் செய்யும். "இழுவை, அரைகுறை, முடிவே இல்லை" என்று இன்னொரு கூட்டம். இரண்டு பக்கமும் கடைசியில் சமாதானமாகிற இடம் அந்தப் பாழாய்ப்போன வாக்கியம்தான்.

ஒரு வகையில் அதற்குத் தயாரிப்பு நிறுவனமே காரணம் என்று தோன்றுகிறது. தயாரிப்பாளர் சார்லஸ் பேண்ட் தன் பழைய எம்பயர் நிறுவனம் மூழ்கிய பிறகு ஃபுல் மூன் என்ற பெயரில் புதுக்கடை திறந்தார். குறைந்த செலவில் எடுத்து, பாரமவுண்ட் வழியாக வாடகை வீடியோ கடைகளுக்கு அனுப்புவது திட்டம். அவர்களுடைய கேசட்டுகளில் படம் முடிந்ததும் 'வீடியோசோன்' என்று ஒரு துணுக்கு நிகழ்ச்சி ஓடும். முகமூடியை எப்படிச் செய்தோம், பொம்மையை எப்படி அசைத்தோம், படப்பிடிப்பில் என்ன கூத்து நடந்தது என்றெல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். படத்தைப் பார்த்து மிரண்ட பையன் அடுத்த பத்து நிமிஷத்தில் அந்த மிரட்டலின் சூத்திரத்தையும் பார்த்துவிடுவான். அப்படி வளர்ந்த ரசிகர்களிடம் போய்ச் செலவைப் பற்றிப் பேசாதே என்றால் எப்படிக் கேட்பார்கள்?

சரி, கதைக்கு வருகிறேன். 1991-இல் வந்த முதல் பாகத்தில் ராடு, ஸ்டீஃபன் என்று இரண்டு காட்டேரிச் சகோதரர்கள். அண்ணன் தம்பி சண்டைக்குக் காரணம் ஒரு கல். புனிதர்களின் ரத்தம் அதிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும், அது கையில் இருப்பவன் யாரையும் கடிக்காமலே காலம் தள்ளலாம். ஆய்வுக்காக வந்த மூன்று மாணவிகள் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் ராடுவின் தலை துண்டாகிறது. மாணவிகளில் ஒருத்தியான மிஷெலைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் ஸ்டீஃபன் அவளையும் காட்டேரியாக்குகிறான். (வரலாற்றில், டிராகுலா என்ற பெயருக்கு மூலமான விளாத் தெபெஷ் மன்னனுக்கு ராடு என்று ஒரு தம்பி இருந்தான். அழகன் ராடு என்றுதான் அவனுக்குப் பட்டப்பெயர். இந்த ராடுவின் மூஞ்சியைப் பார்த்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும்.)

இரண்டாம் பாகம் அதே இரவில், அதே கோட்டையில் தொடங்குகிறது. அந்த முதல் சில நிமிடங்களைப் பற்றித்தான் யாரிடமும் கருத்து வேறுபாடு இல்லை. தரையில் முண்டமாகக் கிடக்கிறான் ராடு. அவன் உடலிலிருந்தே பிறந்த விரல்கடை உயரக் குட்டிப் பேய்கள் நாலாபக்கமும் இருந்து ஊர்ந்து வருகின்றன. வெட்டுண்ட தலையைக் கழுத்துப் பக்கம் நகர்த்துகின்றன. அப்புறம் சதையும் எலும்பும் ஒன்றையொன்று தேடிப்போய் ஒட்டிக்கொள்கின்றன. இசையும் ஈரச் சத்தமும் தவிர வேறு பேச்சே இல்லை. கண்ணைத் திறக்கிறான், எழுகிறான், நேராகத் தம்பி தூங்கும் பெட்டிக்குப் போகிறான், நெஞ்சில் ஆப்பை இறக்குகிறான். அடுத்து மிஷெலுக்குக் குறி வைக்கும்போது விடிந்துவிடுகிறது.

முதல் பாகத்து நாயகனை இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே போட்டுத்தள்ளியது பலருக்குப் பொறுக்கவில்லை. முதல் படம் முழுக்க அந்த ஆளுக்காகப் பதைபதைத்தது வீணா என்பது அவர்கள் ஆதங்கம். எனக்கோ இந்தப் படத்தின் முதல் நல்ல முடிவே அதுதான். ஸ்டீஃபன் நல்லவன், அழகன், பொறுப்பானவன். பேய்ப்படத்துக்கு இதைவிடச் சுமை வேறென்ன வேண்டும்? அவன் போனதும் கதை மிஷெல் கைக்கு வருகிறது. நேற்றுவரை மாணவியாக இருந்தவள், இன்று இருட்டியதும் பசியோடு விழிக்கிறாள். பக்கத்தில் காதலன் பிணம். கல்லை எடுத்துக்கொண்டு புகாரெஸ்ட்டுக்கு ஓடுகிறாள், அமெரிக்காவிலிருக்கும் உடன்பிறந்தவளைத் தொலைபேசியில் கூப்பிடுகிறாள். முதல் படத்தில் அவள் பலியாடு. இங்கே தன் பசிக்குத் தானே பயப்படுகிற காட்டேரி.

ஆனால் அந்த மிஷெல் முதல் பாகத்து மிஷெல் இல்லை. முன்பு நடித்தவர் லாரா டேட், இப்போது டெனிஸ் டஃப். வருஷக்கணக்கில் இடைவெளி விட்டு நடக்கும் கதையாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம். இங்கே அதே ராத்திரி, அதே பெட்டி, முகம் மட்டும் வேறு! முதல் பாகத்தை முடித்த கையோடு இதைப் போட்டால், "இது யாரு புதுசா?" என்று பக்கத்தில் இருப்பவர் கட்டாயம் கேட்பார். டேட்டின் ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அடுத்தடுத்த பாகங்களிலும் டஃப் தொடர்ந்ததால் மிஷெல் என்றாலே அவர் முகம்தான் என்று ஆகிவிட்டது. என் ஓட்டும் அவருக்கே. கடிக்கவும் முடியாமல் கடிக்காமல் இருக்கவும் முடியாமல் அவர் நிற்கிற நிலை பரிதாபமாகவும் இருக்கும், கொஞ்சம் அருவருப்பாகவும் இருக்கும். இரண்டையும் ஒரே முகத்தில் கொண்டுவருவது லேசில்லை.

இனி ராடு.

ராடுவாக நடித்த ஆண்டர்ஸ் ஹோவ் கிரீன்லாந்தில் பிறந்த டென்மார்க் நடிகர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' நெடுந்தொடரின் வில்லனாகவும் பெயர் வாங்கியவர். சுண்ணாம்பு பூசியது போல வெளுத்த முகம், தோளில் விழும் முடி, முழங்கையிலிருந்து அளந்தால் பாதி நீளம் வருகிற விரல்கள், வாயோரத்தில் சதா வழிகிற எச்சிலும் ரத்தமும். குரல் என்று சொல்ல முடியாது, தொண்டைக்குள் சரளைக்கல் உருள்கிற கரகரப்பு. என் நண்பர் ஒருவருக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பத்தாவது நிமிஷத்தில், "என்னடா இது, ஜலதோஷம் புடிச்ச டிராகுலா! யாராச்சும் ஒரு கர்ச்சீஃப் குடுங்கடா" என்றார். அதோடு அன்றைய பயம் போய்விட்டது. பின்னால் அவர் என்ன சொன்னாலும் எனக்கு அந்தக் கர்ச்சீஃப்தான் ஞாபகத்துக்கு வந்தது.

எச்சிலைப் பற்றி ரசிகர்கள் போடும் சண்டைக்கு அளவே இல்லை. அதிகப்படி, சிரிப்பு வருகிறது என்பார்கள் சிலர். நான் மறுகட்சி. திரையில் காட்டேரி என்றால் பெரும்பாலும் கோட்டு சூட்டுப் போட்ட கனவான். கையில் முத்தம் கொடுப்பான், ஒரு பார்வையில் மயக்குவான். அவன் சாப்பிடுகிறான் என்பதையே மறந்துவிடுவோம். ராடுவைப் பார்த்தால் மறக்க முடியாது. அவனுக்கு எப்போதும் பசி, எப்போதும் வாய் ஊறிக்கொண்டே இருக்கிறது. அதே வாயால்தான் மிஷெலிடம் காதலையும் பேசுகிறான், அதுவும் உண்மையான ஏக்கத்தோடு. இவ்வளவு அசிங்கமான ஒருவன் மேல் ஒரு கணம் இரக்கம் வருகிறதே, அது ஹோவின் வேலை. கூடுதலாகப் பத்து லட்சம் டாலர் கொடுத்திருந்தால் அந்த இரக்கம் இரண்டு மடங்கு ஆகியிருக்குமா?

அவன் நடமாட்டத்தையும் சொல்ல வேண்டும். ராடு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நிழலாகப் போகிறான். புகாரெஸ்ட்டின் பழைய கட்டடங்களின் சுவர்களில் நீண்ட விரல்களோடு ஒரு கறுப்பு உருவம் நழுவிப்போகும், சன்னல்கள், தூண்கள், மூலைகள் எதிலும் தடுக்காமல் மடிந்து மடிந்து ஓடும், ஓரிடத்தில் நிற்கும், அந்த இருட்டிலிருந்து அவன் வெளியே காலெடுத்து வைப்பான். வேண்டியது ஒரு சுவர், ஒரு பலமான விளக்கு, விரலை எப்படி விரிக்க வேண்டும் என்று தெரிந்த ஒரு நடிகர். 1922-இல் ஜெர்மன் இயக்குநர் மூர்னாவ் 'நொஸ்ஃபெராட்டு' என்ற மௌனக் காட்டேரிப் படத்தில் படிக்கட்டுச் சுவரில் செய்து காட்டிய வித்தைதான் இது. இயக்குநர் டெட் நிக்கலாவும் ஒளிப்பதிவாளர் விளாத் பாவ்னெஸ்குவும் அதை ஊர்ச்சுவர் முழுக்க விரித்துவிட்டார்கள். பழைய கேசட்டில் பார்த்தவர்களுக்குப் பாதி இடங்களில் வெறும் கருப்புதான் தெரிந்திருக்கும். சுத்தமான பிரதியில் பார்த்தால் அந்தக் கருப்புக்குள் நீலமும் ஆரஞ்சும் எப்படிப் பிரிந்து நிற்கின்றன என்பது புரியும். "படம் ஒரே இருட்டு" என்ற பழைய புகாரில் கொஞ்சம் கேசட்டின் பாவமும் சேர்ந்திருக்கிறது.

இந்தப் படத்துக்குச் சில மாதங்கள் முன்புதான், 1992 நவம்பரில், கொப்போலாவின் டிராகுலா படம் திரையரங்குகளுக்கு வந்தது. செலவு சுமார் 4 கோடி டாலர். ஆடை, ஒப்பனை, ஒலித் தொகுப்பு என்று மூன்று ஆஸ்கார்கள். அதிலும் தனியாக அசைகிற நிழல் உண்டு, அற்புதமான காட்சி. ஆனால் அதில் டிராகுலாவின் ஊராக வரும் ருமேனியப் பகுதியான டிரான்சில்வேனியா முழுக்க கலிஃபோர்னியாவில் கொட்டகைக்குள் போட்ட செட். நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரும் ருமேனியா பக்கம் போனதே இல்லை. ஊரைப் பார்க்காமல் எழுதிய கதையை ஊருக்குப் போகாமல் படமாக்கினார்கள். நிஜ ருமேனியாவில் நிஜ இடிபாடுகளுக்கு நடுவே காமிராவை வைத்தது காசில்லாத கோஷ்டி. காரணம் கலைத்தாகம் இல்லை, அங்கே செலவு குறைவு என்பதுதான். அதனால் என்ன? திரையில் வந்து நிற்பது ஊர்தானே.

அது எந்த நேரத்து ஊர் என்பதும் முக்கியம். ருமேனியாவின் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌஷெஸ்கு 1989 டிசம்பர் 25 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த கையோடு அங்கே படமெடுக்கப் போன முதல் அமெரிக்கக் குழுக்களில் ஒன்று முதல் பாகத்தின் குழு. இரண்டாம் பாகம் எடுக்கும்போதும் புகாரெஸ்ட் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. சௌஷெஸ்கு 1980-களில் பழைய குடியிருப்புகளை இடித்துத் தள்ளி மாபெரும் மக்கள் மாளிகையைக் கட்டிய நகரம் அது. படத்தில் தெரிகிற வெறிச்சோடிய தெருக்கள், காரை பெயர்ந்த முகப்புகள், மங்கிய விளக்குகள் எதையும் கலை இயக்குநர் செய்து வைத்திருக்க முடியாது. இரவில் இந்தத் தெருவில் ஒருத்தி தனியாக நடந்தால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள் என்று பார்த்ததுமே தெரிகிறது. படம் அரசியல் எதுவும் பேசவில்லை. பேசாமலே அந்த நேரத்தைப் பதிந்து வைத்துவிட்டது. ஒளிப்பதிவாளர் பாவ்னெஸ்கு பிறகு அங்கே காஸ்டெல் ஃபிலிம் ஸ்டூடியோவை நிறுவினார். 'கோல்ட் மவுண்டன்' போன்ற பெரிய படங்களே பின்னால் அந்த வழியில் ருமேனியாவுக்கு வந்தன.

சத்தத்தையும் விட்டுவிடக்கூடாது. நிக்கலாவ் 1974-இல் 'டெக்சாஸ் செயின் சா மாஸகர்' படத்தில் ஒலிப்பதிவாளராக இருந்தவர். சொட்டுகிற நீர், தூரத்து நாய், கல் தளத்தில் நகம் உரசுவது என்று இங்கே காது கவனிக்க நிறைய இருக்கிறது. ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள்.

குறைகள் இல்லையா? இருக்கின்றன. தலைப்பில் இருக்கும் அந்தக் குட்டிப் பேய்கள் தொடக்கக் காட்சியோடு காணாமல் போய்விடுகின்றன. "சப்ஸ்பீஷீஸ்னு பேரு வச்சுட்டு சப்ஸ்பீஷீஸ் எங்கப்பா?" என்று கேட்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. முதல் பாகத்திலேயே அவற்றை ருமேனியாவில் ரப்பர் உடை மாட்டிய ஆட்களை வைத்துத்தான் முதலில் எடுத்தார்கள். சரிப்படவில்லை. பிறகு டேவிட் ஆலன் பொம்மைகளாகச் செய்து, ஒவ்வொரு சட்டமாக (ஃப்ரேம்) அசைத்துச் சேர்த்தார். அவ்வளவு மெனக்கெடலை இரண்டாம் முறை முழுநீளத்துக்குச் செய்யத் துணியவில்லை போலும். எனக்கு அவை இல்லாதது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. ராடு இருக்கும் அறையில் பொம்மைகளைப் பார்க்க நேரம் ஏது?

போலீஸ்காரர் காட்சிகள் மொக்கை. அதற்குச் செலவைச் சாக்காகச் சொல்ல முடியாது. உடன்பிறந்தவளைத் தேடி ரெபெக்கா வந்து இறங்குகிறாள் (நடித்தவர் மெலனி ஷாட்னர், 'ஸ்டார் ட்ரெக்' வில்லியம் ஷாட்னரின் மகள்). தூதரகத்துக்காரர் ஒருவர் உதவுகிறார், பேராசிரியர் ஒருவர் நம்புகிறார், போலீஸ் அதிகாரி நம்ப மறுத்து அசட்டுச் சிரிப்பு சிரிக்கிறார். நாமோ அதற்குள் தலை ஒட்டுவதையே பார்த்துவிட்டோம். காட்டேரி உண்டா இல்லையா என்று இவர்கள் பேசிப் பேசித் தீர்மானிக்கும்வரை நாம் எதற்குக் காத்திருக்க வேண்டும்? படம் இழுக்கிறது என்பவர்கள் மனதில் இருப்பது இந்தப் பகுதிதான். எழுதியதே தப்பு. கோடி கொட்டினாலும் அந்தக் காட்சிகள் தேறியிருக்காது.

ராடுவின் தாய் விஷயத்தில் ரசிகர்கள் சரிபாதியாகப் பிரிவார்கள். கல்லறைக்குள் வாழும் வற்றல் பிணம், சூனியக்காரி. நடித்தவர் பமேலா கார்டன். ஒப்பனை சில கோணங்களில் ரப்பர் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் உலகமே நடுங்கும் ராடு, அம்மா முன்னால் திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறான் பாருங்கள், அந்த ஒரு உறவு போதும். அவளுக்கு வேண்டியது கல், மகனுக்கு வேண்டியது பெண். பெற்றவளிடம் அதைச் சொல்ல முடியாமல் அவன் மழுப்புகிற இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறேன். பயமும் கூடவே இருக்கிறது.

முடிவு? முடிவு என்று ஒன்று இல்லை. ரெபெக்காவின் கத்தி ராடுவின் முகத்தில் பாய்கிறது, அப்பாடா என்று நிமிர்வதற்குள் கிழவி மிஷெலைப் பிடித்துக் கல்லறைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அவ்வளவுதான், பெயர்கள் ஓடுகின்றன. இரண்டையும் மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில் படமாக்கியதால் வந்த வினை. ஒரே செட்டில் இரண்டு படம் முடிப்பது பழைய பழக்கம்தான். 1965-இல் ஹாமர் என்ற பிரிட்டிஷ் பேய்ப்பட நிறுவனம் டிராகுலாவுக்குப் போட்ட செட்டிலேயே ரஸ்புடீன் படத்தையும் எடுத்தது. ஆனால் அவை இரண்டு தனிக் கதைகள். 1993-இல் கேசட்டை வாடகைக்கு எடுத்துப்போனவர்கள், கதை நடுவில் அறுந்து, அடுத்த பாகத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்கள் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். இன்று பார்க்கிறவர்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அடுத்ததைத் தட்டினால் ஓடும். அதனாலேயே இந்தப் படத்தின் மதிப்பு வருஷங்கள் போகப் போகக் கூடியிருக்கிறது என்பது என் ஊகம்.

மற்ற காட்டேரித் தொடர்ச்சிகளோடு வைத்துப் பார்த்தாலும் ஒன்று தெரியும். 'ஃப்ரம் டஸ்க் டில் டான்' படத்தின் இரண்டாம் பாகம், ராக் பாடகர் பான் ஜோவி நடித்த 'வேம்பயர்ஸ்: லாஸ் முயெர்டோஸ்', 'லாஸ்ட் பாய்ஸ்' வந்து 21 வருஷம் கழித்து வந்த 'த ட்ரைப்' ஆகிய மூன்றும் பெரிய திரையில் ஓடிய படங்களின் பேரை வைத்து வீடியோ சந்தைக்கு வந்தவை. பார்ப்பவர் மனதில் பழைய நட்சத்திரங்களும் பழைய பிரம்மாண்டமும் இருக்கும், திரையில் அது சுருங்கி வரும். எதைக் காட்டினாலும் குறைந்ததாகவே படும். 'ப்ளட்ஸ்டோ'னுக்கு அந்தத் தலைவலி இல்லை. அதன் முதல் பாகமே கேசட் படம். கீழே இறங்க இடமில்லை, ஏறத்தான் இடம். அதே இயக்குநர், அதே ராடு, அதே நாடு. முதல் முறை பிடிபடாத நிழல் இரண்டாம் முறை பிடிபட்டது. ஒரு குழு தன் வேலையைக் கற்றுக்கொண்டு வந்து செய்த படம் என்பது ஒவ்வொரு சட்டத்திலும் தெரிகிறது.

நாலாம் பாகம் 1998-இல் வந்தது. அப்புறம் கால் நூற்றாண்டு கழித்து, 2023-இல், அஞ்சாம் பாகம். ராடு எப்படி ராடு ஆனான் என்கிற முன்கதை, படப்பிடிப்பு செர்பியாவில். இயக்குநர் அதே நிக்கலாவ். அறுபதைத் தாண்டிய ஹோவ் இளம் ராடுவாக வருகிறார். அதைத் தாங்க முடியவில்லை என்பவர்களும் உண்டு, வேறு யார் வந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டோம் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி, ஆனாலும் சில குளோசப்களில் கட்சி மாறலாமா என்று யோசித்தேன்.

பார்க்காதவர்கள் முதல் பாகத்தைக் கதைக்காக மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள். இதை முடித்ததும் மூன்றாவதை அதே இரவில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அந்தக் கல்லறைக்குழி தூங்க விடாது. மூன்றாவதில் காட்டேரியைப் பிடிக்க ஒரு சி.ஐ.ஏ. ஆள் ஆயுதங்களோடு கோட்டைக்குக் கிளம்புவார். அவரைப் பற்றி எனக்குப் பெரிய புகார்ப் பட்டியலே இருக்கிறது, அது அடுத்த பதிவுக்கு.